ஒரே வேட்டியில் கிழித்த துணிகள்

ஆகஸ்ட் 4, திங்கள்

நூல் கம்பெனிக்காரர் பொங்கலுக்குக் கொடுத்த டைரி. ஏழு மாதமாக பீரோவில் சும்மா கிடந்தது. இந்த மாதக் கடைசியில் மகள் தாரணிக்குப் பிரசவம். வளைகாப்பு முடிந்து கரூரிலிருந்து நம் வீட்டுக்கு வந்து பத்து நாளாகிறது. வாங்க வேண்டியது, செய்ய வேண்டியது எல்லாவற்றையும் தலைக்குள் வைத்துக்கொண்டால் பாதி மறந்துபோகிறது. எழுதி வைப்போம் என்று எடுத்தேன்.

என் வேலை கறை எடுப்பது. பனியன் கம்பெனியில் செக்கிங் பிரிவில் பத்தொன்பது வருடம். தைத்து வருகிற வெள்ளைச் சட்டைகளில் எங்கே என்ன கறை என்று பார்த்து, மருந்துத் துப்பாக்கியால் அடித்து எடுக்க வேண்டும். மிஷின் எண்ணெயா, துருவா, டீயா, தைக்கிற பிள்ளையின் விரல் ரத்தமா என்று பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடுவேன். முகர்ந்து பார்த்தும் சொல்வேன். புதிதாக வருகிற பெண்களுக்கு சூப்பர்வைசர் என்னைக் காட்டி, "துளசியக்கா மூக்குக்குத் தனியாச் சம்பளம் குடுக்கலாம்" என்பான். குடுக்கத்தான் மாட்டேன் என்கிறான்.

இன்று மத்தியானம் பஞ்சுத் தூசியில் தொடர்ந்து நாலு தும்மல். தண்ணீர் பாட்டில் மூடி சரியில்லை, சேலை நனைந்துவிட்டது. பாத்ரூம் போகிற டோக்கன் எங்கள் வரிசைக்கு ஒன்றுதான், அதுவும் வேறொருத்தியிடம் இருந்தது. சாயங்காலம் வரைக்கும் டேபிளை ஒட்டியே நின்றேன்.

ஆகஸ்ட் 7, வியாழன்

பாட்டிலை மாற்றினேன். இன்றும் நனைந்தது.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

குழந்தைத் துணி கிழித்தேன். பச்சைக் குழந்தைக்குப் புதுத்துணி ஆகாது, தோல் உரசிவிடும். இவருடைய பழைய வேட்டிகளில் துவைத்துத் துவைத்துப் பஞ்சாகிப்போனதாக மூன்றை எடுத்தேன். என் வீட்டுக்காரருக்குச் சாயப்பட்டறையில் வேலை. வேட்டியெல்லாம் ஊதாவும் பச்சையுமாகப் புள்ளி விழுந்திருக்கும், சுத்தமான வெள்ளை வேட்டி கிடைப்பதே பெரிய பாடு.

"என்ற வேட்டியெல்லாம் உம்பட பேரப்புள்ளைக்கா? அப்பறம் நான் எதக் கட்டறது?" என்றார்.

"நீங்களும் ஒரு துண்டு வெச்சுக்குங்க, சரியா இருக்கும்" என்றேன். தாரணி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

நாற்பத்தெட்டுத் துண்டு வந்தது. ஓரம் மடித்துத் தைக்கவில்லை, தையல்கூடக் குத்தும். எட்டுத் துண்டை எடுத்து என் துணிப்பெட்டிக்குள் வைத்தேன். அடுப்படிக்கு ஆகும்.

ஆகஸ்ட் 13, புதன்

சோப்பு வாங்க நானும் தாரணியும் பெரிய கடைக்குப் போனோம். ஒரு சுவர் முழுக்க சோப்பு. பொடி, திரவம், ஒவ்வொன்றாகப் பிய்த்துப் போடுகிற பொட்டலம், துவைத்த பிறகு ஊற்றுவது, துவைக்கும் முன் தடவுவது. விற்கிற பெண், "இந்த வாசனை மணிய ஒரு கை அள்ளிப் போடுங்க, ஒரு மாசத்துக்கு மணக்கும்" என்றாள்.

"எது ஒரு மாசத்துக்கு மணக்கும்? குழந்தையா?" என்று கேட்டேன். அந்தப் பெண் நகர்ந்துவிட்டாள்.

தாரணிக்குச் சொல்லிக் கொடுத்தேன். குழந்தைக்கு வாசனை போட்டது வேண்டாம், கலர் போட்டது வேண்டாம். நுரை குறைவாக வருவதுதான் நல்லது, அலசுவது சுலபம். துணியை மிருதுவாக்குகிற திரவத்தைத் தொடவே கூடாது, துணி மெழுகு பூசினதுபோல் ஆகி ஈரத்தை இழுக்காது. எந்தச் சோப்பாக இருந்தாலும் அளவு குறைவு, அலசல் அதிகம். நம் ஊர் போர் தண்ணீர் உப்பு, நுரை வராது. நுரை வரவில்லை என்று ஜனங்கள் இன்னொரு கை பொடியைக் கொட்டுவார்கள், அது துணியிலேயே தங்கிக்கொண்டு தோலைக் கடிக்கும். கடைசி அலசல் கண்டிப்பாக நல்ல தண்ணீரில். இதையெல்லாம் என்னை மிஞ்சி எந்தக் கம்பெனிக்காரனால் சொல்லிவிட முடியும்.

குழந்தைத் துணிக்கென்று வாசனையில்லாத திரவம் ஒன்று எடுத்தோம். தாரணி அந்தப் பக்கம் திரும்பியதும் இன்னொரு பாட்டிலையும் கூடையில் போட்டேன். பிடிவாதமான நாற்றத்துக்கு என்று எழுதியிருந்தது. என்சைம் சேர்ந்தது, அழுக்கைத் தின்றுவிடும்.

"இது எதுக்கும்மா?"

"உங்கப்பா சாக்ஸுக்கு."

"அப்பா எப்பம்மா சாக்ஸ் போட்டாரு?"

"இனிமேப் போடுவாரு" என்றேன்.

ஆகஸ்ட் 20, புதன்

அந்த என்சைம் பாட்டில் நல்லதுதான். ஆனால் வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு மணி நேரமாவது ஊற வைக்க வேண்டும். இந்த வீட்டில் ஒரு மணி நேரம் யாரும் எட்டிப் பார்க்காத பக்கெட் கிடையாது. கொடி ஒன்று, பாத்ரூம் ஒன்று. இவர் குளிக்கப் போகும்போது, "இதென்ன ஊற வெச்சிருக்கற?" என்று குரல் வருகிறது.

பட்டறையில் சாயம் போடும்போது சேர்க்கிற சோடாவை ஒரு டப்பாவில் வைத்திருக்கிறோம், பாத்ரூம் கழுவ. வெள்ளைப் பொடி. ஒரு பிடி போட்டால் பத்து நிமிஷத்தில் எந்த நாற்றமும் போய்விடுகிறது. ஊற வைக்க வேண்டியதில்லை. உள்பாவாடைக்கு அதைத்தான் போடுகிறேன்.

தாரணி, "ஏம்மா தெனமும் மூணு வாட்டி குளிக்கற?" என்றாள். வெயில் என்றேன்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

இரண்டு தொடைகளிலும் வேர்க்குரு. நடந்தால் எரிகிறது. வெயில்தான்.

ஆகஸ்ட் 27, புதன்

பெண் குழந்தை. காலை பதினொன்று பத்துக்கு. இரண்டு கிலோ எண்ணூற்றைம்பது.

தாரணிக்குப் பதினாறு மணி நேரம் வலி. கடைசியில் இழுத்துத்தான் எடுத்தார்கள், உள்ளே நிறையத் தையல். குழந்தையை என் கையில் கொடுத்தபோது ரோஜாப்பூக் கலரில் தோல், கைவைத்தால் பிய்ந்துவிடும் போலிருந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. அழுதபோது வேறொன்றும் ஆயிற்று. நல்லவேளை, நர்ஸ் தரையில் தண்ணீர் ஊற்றித் துடைத்துக்கொண்டிருந்தாள்.

செப்டம்பர் 1, திங்கள்

வீட்டுக்கு வந்துவிட்டோம். கம்பெனியில் இரண்டு மாத லீவு. டோக்கன் கேட்க வேண்டியதில்லை, அதுவே பெரிய நிம்மதி.

பாத்ரூமுக்கு வெளியே நீலப் பக்கெட், குழந்தைத் துணிக்கு. தாரணி நனைந்ததை எடுத்துப் போட்டுக்கொண்டே இருக்கிறாள், நான் துவைத்துக்கொண்டே இருக்கிறேன். வீடு பூராவும் பால் வாசமும் மூத்திர வாசமும். இவர் பட்டறையிலிருந்து வந்ததும் மூக்கைச் சுருக்கிவிட்டு, "புள்ள இருக்கற வூடுன்னு தெருவுக்கே தெரியும்" என்று சிரிக்கிறார்.

இனி இந்த வீட்டில் அந்த வாசம் அடித்தால் யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள். என்னுடையதையும் அதே பக்கெட்டில் போட்டுவிட்டேன். ஒரே வேட்டியில் கிழித்தவை, யாருக்கு என்ன தெரியும். இத்தனை மாதத்தில் இன்றைக்குத்தான் நிம்மதியாக உட்கார்ந்து சாப்பிட்டேன்.

செப்டம்பர் 6, சனி

முப்பத்தொரு துணி. நல்ல தண்ணீர் வரவில்லை.

செப்டம்பர் 9, செவ்வாய்

தாரணி பக்கெட் பக்கம் போனவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு வந்தாள்.

"ஏம்மா, பதிமூணு நாள் கொழந்த மூத்திரம் இப்படியா நாறும்?"

"துணி சேந்து கெடந்தா நாறத்தான் செய்யும். மூடி வெச்சிருக்கறமில்ல."

"இல்லம்மா. கரூர்ல அவிய சித்தி மகளுக்குக் கொழந்த பொறந்தப்ப நான் தூக்கியிருக்கறேன். ஒண்ணுமே வாசமிருக்காது. இது பெரிய ஆளுங்களோடது மாதிரி நெடி அடிக்குது. பாப்பாவுக்கு ஏதாச்சும் சீக்கா இருக்குமா?"

ஒன்றுமில்லை என்றேன். அவள் கேட்கவில்லை, செல்போனில் தேட ஆரம்பித்துவிட்டாள். சாயங்காலத்துக்குள் அழுகை.

செப்டம்பர் 11, வியாழன்

குழந்தைகள் டாக்டரிடம் போனோம். வயசான டாக்டர், நிதானமாகத்தான் கேட்டார். பால் மட்டும் குடிக்கிற குழந்தைக்கு அவ்வளவு வாசம் வராதே என்றார். "குழந்தைகிட்டயே அடிக்குதா, துணியில மட்டுமா?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார்.

துணியில்தான் என்று சொல்லியிருக்கலாம். வாயில் வந்தது, "கொழந்தகிட்டத்தாங்க."

மூத்திரம் பரிசோதிக்க வேண்டும் என்று குழந்தையின் இடுப்புக்குக் கீழே ஒரு சின்ன பிளாஸ்டிக் பையை ஒட்டினார்கள். அது நிறைகிற வரைக்கும் இரண்டு மணி நேரம் வராந்தாவில் காத்திருந்தோம். பையை உரித்தபோது ஒட்டியிருந்த இடத்துத் தோலும் சிவந்து வந்தது. அப்படி ஒரு அழுகையை அந்தக் குழந்தை இதுவரைக்கும் அழுததில்லை. தாரணி காதைப் பொத்திக்கொண்டாள். நான்தான் கால்களைப் பிடித்திருந்தேன். அந்தக் கால்கள் என் கையிலிருந்து உதறிக்கொள்ளப் பார்த்தன.

செப்டம்பர் 12, வெள்ளி

ரிசல்ட் வந்தது. ஒன்றுமில்லை. தாரணி சாமி படத்துக்கு முன்னால் விழுந்து கும்பிட்டாள்.

எழுதிவிடுகிறேன், இதை யாரும் படிக்கப் போவதில்லை. எனக்குச் சிறுநீர் நிற்பதில்லை. சித்திரையிலிருந்து. தும்மினால், இருமினால், குடம் தூக்கினால், சிரித்தால் போய்விடுகிறது. இப்போதெல்லாம் காரணமே வேண்டியதில்லை. ஐம்பத்து மூன்று வயதுப் பொம்பளை இதை யாரிடம் என்னவென்று சொல்வாள். ஊருக்கெல்லாம் கறை எடுக்கிறவள் நான்.

குழந்தையைத் துன்பப்படுத்தினது போதும். இனி என்னுடையது தனி, குழந்தையுடையது தனி. குழந்தைக்கு வாசனையில்லாத திரவம், நல்ல தண்ணீர் அலசல். என்னுடையதற்கு விடிகாலையில் சோடா. இரண்டு பிடி போடுகிறேன், கொஞ்சம்கூட வாசம் இருக்கக் கூடாது. காயப்போட வேறு இடமில்லை, கொடியின் கோடியில் போட்டு நானே எடுத்துவிடுகிறேன்.

செப்டம்பர் 17, புதன்

மத்தியானம் திடீர் மழை. நான் ரேஷன் கடையில் மாட்டிக்கொண்டேன். வந்து பார்த்தால் கொடி காலி. தாரணி எல்லாவற்றையும் வாரிக்கொண்டு போய் மடித்து அடுக்கியிருந்தாள்.

"ஏன் கண்ணு, தையல் போட்ட ஒடம்பு, எதுக்கு ஓடுன?"

"பாப்பா துணி நனஞ்சுதுன்னா நாளைக்கு என்னத்தக் கட்டறது?" என்றாள்.

அடுக்கிலிருந்து என்னுடையதைப் பிரித்தெடுக்கலாம் என்று பார்த்தேன். எல்லாம் வெள்ளை, எல்லாம் ஒரே அளவு. அவள் பக்கத்திலேயே உட்கார்ந்து பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். துவைத்த துணிதானே, போகட்டும் என்று விட்டுவிட்டேன். எனக்கு இன்னொரு வேட்டியைக் கிழித்துக்கொண்டேன்.

செப்டம்பர் 19, வெள்ளி

பாப்பாவுக்குத் தொடையிடுக்கில் சிவப்பு.

செப்டம்பர் 20, சனி

சிவப்பு பின்பக்கம் வரைக்கும் ஏறிவிட்டது. சின்னச் சின்னதாகத் தோல் உரிகிறது. டாக்டர் களிம்பு கொடுத்தார், சோப்பை மாற்றச் சொன்னார். இருப்பதிலேயே சாதுவான சோப்பு அதுதான், இதற்கு மேல் எதற்கு மாற்றுவது. தாரணி கத்திரிக்காய் சாப்பிட்டது காரணம் என்கிறார் இவர். பவுடர் என்கிறாள் தாரணி. துணி மாற்றும்போதெல்லாம் குழந்தை உடம்பை வில்லாக வளைத்துக்கொண்டு கத்துகிறது. பாலும் சரியாகக் குடிப்பதில்லை.

செப்டம்பர் 21, ஞாயிறு

மாப்பிள்ளையும் சம்பந்தியம்மாவும் கரூரிலிருந்து வந்தார்கள். சம்பந்தியம்மா குழந்தையின் துணியை விலக்கிப் பார்த்துவிட்டு மெதுவாக மூடினார். கத்தியிருந்தால்கூடத் தேவலாம்.

"ஏனுங்க சம்பந்தி, நீங்க கறை எடுக்கறதுல பேரு போனவீங்க. உங்க கையில கொழந்த துணிக்கு ஒரு கொறையும் வராதுன்னு நெனச்சேன்" என்றார்.

"தண்ணி உப்புங்க" என்றேன். என் வாய்தான் அதைச் சொன்னது.

"அதான. இந்த ஊருத் தண்ணி ஒலகத்துக்கே தெரியுமே. நம்மூர்ல காவேரித் தண்ணி. அஞ்சு மாசம் இங்க இருக்கறதெல்லாம் வேண்டாம், இப்பவே கூட்டீட்டுப் போயிர்றோம்" என்றார். தாரணி என் முகத்தைப் பார்த்தாள். மாப்பிள்ளை, வியாழக்கிழமை கார் எடுத்து வருவதாகச் சொன்னார்.

செப்டம்பர் 23, செவ்வாய்

காலையில் குழந்தைக்குத் துணி மாற்றினேன். அடுக்கிலிருந்து எடுத்த துணி விரலுக்கு லேசாக வழுக்கியது. பத்தொன்பது வருடம் துணி தடவின விரல். நுனியை நாக்கில் வைத்துப் பார்த்தேன். சோடா.

அடுக்கு முழுவதையும் பிரித்தேன். ஒவ்வொன்றையும் நாக்கில் வைத்தேன். ஐந்து துணி. என்னுடையவை. நானே விடிகாலையில் இரண்டு பிடி சோடா போட்டு, யாரும் எழுந்திருப்பதற்குள் என்று அவசர அவசரமாக உப்புத் தண்ணீரில் ஒரே அலசு அலசிக் காயப்போட்டவை. குழந்தை அதில் ஈரம் பண்ண, ஈரத்தில் சோடா கரைய, அதன்மேல் மணிக்கணக்காகப் படுத்திருக்கிறது. ஆறு நாளாக.

குழந்தையின் தொடையைப் பார்த்தேன். இந்தச் சிவப்பை எனக்குத் தெரியும். என் தொடையில் ஒரு மாதமாக இருக்கிறது. வேர்க்குரு என்று எழுதி வைத்திருக்கிறேன்.

ஐந்தையும் அடுப்பில் போட்டேன். மீதி எல்லாவற்றையும் வெந்நீரில் போட்டு, வினிகர் ஊற்றி, குடிக்க வைத்திருந்த நல்ல தண்ணீரைக் காலி பண்ணி ஏழு தடவை அலசினேன். இவர், "குடிக்கத் தண்ணி வேண்டாமா?" என்று கத்தினார்.

தாரணியிடம் சொல்லலாம் என்று உள்ளே போனேன். குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு களிம்பு தடவிக்கொண்டிருந்தாள். "என்னத்துலயோ நான்தான் தப்பு பண்றேன்மா. எல்லாரும் நல்லா வளக்கறாங்க, எனக்குத்தான் தெரியல" என்று அழுதாள்.

அவள் மேல் ஒரு தப்புமில்லை என்று சொன்னேன். அதற்கு மேல் வாய் வரவில்லை. சொன்னால் எல்லாவற்றையும் சொல்ல வேண்டும். எதற்கு அந்தத் துணி, எத்தனை நாளாக, டாக்டரிடம் ஏன் அப்படிச் சொன்னேன், குழந்தையின் காலை ஏன் பிடித்தேன். சம்பந்தி வீடு வரைக்கும் போகும். அடுப்படிக்குப் போய்ச் சாம்பாருக்குப் பருப்பு போட்டேன். என்ன பொம்பளை நான்.

செப்டம்பர் 24, புதன்

சொல்லவில்லை.

செப்டம்பர் 25, வியாழன்

போய்விட்டார்கள். முப்பது நாள்கூட ஆகவில்லை. காரில் ஏறும்போது தாரணி குழந்தையை என்னிடம் நீட்டினாள். வாங்கவில்லை. சளி பிடித்திருக்கிறது என்றேன்.

இவர் நீலப் பக்கெட்டைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டு, "தண்ணி சரியில்லாத ஊர்ல பொழைக்க வந்தா இப்பிடித்தான். நீ என்ன பண்ணுவ" என்று என் தோளில் கையை வைத்தார். இவர் எப்போதும் இப்படியெல்லாம் செய்கிறவரில்லை. தோளை விலக்கிக்கொண்டேன்.

செப்டம்பர் 30, செவ்வாய்

போன் வந்தது. குழந்தைக்கு முழுக்க ஆறிவிட்டதாம். ஐந்தே நாளில். சம்பந்தியம்மா போனை வாங்கி, "பாத்தீங்களா, நான் சொன்னனில்ல, தண்ணிதானுங்க" என்றார்.

"ஆமாங்க, தண்ணிதானுங்க" என்றேன்.

அக்டோபர் 2, வியாழன்

லீவு இன்னும் ஒரு மாதம் இருக்கிறது. என்ன செய்வதென்று தெரியவில்லை. என்சைம் பாட்டிலில் என் துணியை ஒரு மணி நேரம் ஊற வைக்கிறேன். இப்போது யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. நன்றாகத்தான் போகிறது வாசம். தொடையும் ஆறிவிட்டது. இவ்வளவுதான் விஷயம். இதற்குத்தான் அந்தக் குழந்தையின் தோலை உரித்தேன்.

அக்டோபர் 5, ஞாயிறு

தாரணி போன் செய்தாள். கொல்லைப்புறத்திலிருந்து பேசுகிறாள் என்று குரலிலேயே தெரிந்தது. குழந்தை எப்படி என்றேன், நன்றாக இருக்கிறாள் என்றாள். சாப்பிட்டாயா என்றேன், சாப்பிட்டேன் என்றாள். வைத்துவிடுவாள் என்று நினைத்தேன்.

"அம்மா, ஒண்ணு கேக்கட்டுமா. என்னையப் பெத்ததுக்கப்பறம் உனக்கு... தும்முனா, பாப்பாவத் தூக்குனா, அடக்க முடியாமப் போறது, அந்த மாதிரி ஏதாச்சும் இருந்துச்சா?"

போனை இன்னொரு காதுக்கு மாற்றிக்கொண்டேன்.

"எனக்கு இருக்குதும்மா. பாப்பா பொறந்த நாள்லருந்து. பாப்பா துணியோட துணியா மறச்சு மறச்சுத் தொவைக்கறேன். நேத்து கோயில்ல எல்லாரு முன்னாலயும் ஆயிருச்சு. எனக்கு மட்டும் ஏம்மா இப்பிடி? அசிங்கமா இருக்குது. இருபத்தாறு வயசுல யாருக்காச்சும் இப்பிடி ஆகுமா?"

நான், "இல்லையே கண்ணு. எனக்கெல்லாம் அப்பிடி ஒண்ணும் இல்ல" என்றேன்.

"செரிம்மா" என்றாள். வைத்துவிட்டாள்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை. யோசிக்கவே இல்லை. ஐந்து மாதமாகச் சொல்லிப் பழகின வாய், அதுவாகச் சொல்லிவிட்டது. அவள் அம்மா ஒருத்தியாவது ஆமாம் என்று சொல்வாள் என்று கொல்லைப்புறத்தில் ஒளிந்து நின்று கேட்டிருக்கிறாள். உலகத்தில் அவளுக்கு மட்டும்தான் என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

அக்டோபர் 6, திங்கள்

காலை ஆறு மணிக்கு நானே கூப்பிட்டேன். நின்றுகொண்டே பேசினேன், உட்கார்ந்தால் மாற்றிப் பேசிவிடுவேன் என்று பயம்.

"இருக்குது கண்ணு. நேத்து பொய் சொல்லிட்டேன். எனக்கும் இருக்குது. சித்திரையிலருந்து."

நிறுத்தியிருக்கலாம். அதோடு நிறுத்தியிருந்தால் அவளுக்கும் ஆறுதல், எனக்கும் நல்ல பேர். நிறுத்தவில்லை. பக்கெட்டைச் சொன்னேன். அந்த நெடி யாருடையது என்று சொன்னேன். டாக்டரிடம் சொன்ன பொய்யைச் சொன்னேன். சோடாவைச் சொன்னேன். மழை நாளில் அவள் மடித்த துணியைச் சொன்னேன்.

"அந்தத் துணியத்தான் நான் பாப்பாவுக்குக் கட்டுனனா?"

"ஆமா சாமி."

"நீ பாத்தியா? அடுக்குல இருந்தது உனக்குத் தெரியுமா?"

"தெரியும். தொவச்ச துணிதானன்னு விட்டுட்டேன்."

"நான் அழுதப்பவும் தெரியுமா?"

"சோடான்னு அப்பத்தான் தெரிஞ்சுது. அன்னிக்குக் காலைலதான்."

போனை வைத்துவிட்டாள்.

அக்டோபர் 7, செவ்வாய்

கூப்பிடவில்லை. நானும் கூப்பிடவில்லை. எந்த முகத்தோடு கூப்பிடுவது.

இவரிடம் சொன்னேன், எல்லாவற்றையும். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் கையை உதறிவிட்டு எழுந்து போய், சோடா டப்பாவைத் தெருச் சாக்கடையில் கொட்டிவிட்டு வந்தார். "நாந்தான அந்த எழவக் கொண்டாந்தேன்" என்றார். பிறகு, "எங்கிட்டச் சொல்றதுக்கென்ன உனக்கு?" என்றார்.

அக்டோபர் 8, புதன்

இல்லை. மூன்று தடவை போனை எடுத்துச் சார்ஜ் இருக்கிறதா என்று பார்த்தேன்.

அக்டோபர் 9, வியாழன்

மத்தியானம் தாரணியிடமிருந்து மெசேஜ் வந்தது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மூன்று தடவை படித்தேன். அப்படியே எழுதி வைக்கிறேன்.

"நாளைக்குக் கரூர்ல லேடி டாக்டர். பதினோரு மணி. உம்பேர்ல ஒண்ணு, எம்பேர்ல ஒண்ணு டோக்கன் போட்டிருக்கேன். இங்க யாருகிட்டயும் எதுவும் சொல்லல. பாப்பாவ இப்போதைக்கு உங்கிட்டத் தர மாட்டேன், எனக்கு இன்னும் ஆறல. கேக்காத. ஆனா வா. தனியாப் போக எனக்குப் பயமா இருக்கு."

பஸ்ஸில் இரண்டரை மணி நேரம். நடுவில் எங்கேயும் நிற்காது. எப்படி உட்கார்ந்து போகப் போகிறேன் என்று தெரியவில்லை. ஏழு மணி பஸ்ஸுக்குப் போகிறேன்.